சிதம்பரத்துக்கு நான் அனுப்பிய இரண்டு குழாய்கள்

1

இன்று காலை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் நிரந்தர வசிப்பு அட்டையை வாங்கி வந்தேன். பதினொரு வருடம் இந்த ஜெர்மனியில் குப்பை கொட்டியதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. கவுன்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலேயே வாழ்த்துச் சொன்னாள். அட்டையில் என் முகம் திருட்டு முழி முழித்துக்கொண்டிருக்கிறது. பொருத்தமான படம்தான், குறை சொல்ல முடியாது.

இப்படி ஒரு செய்தி கிடைத்தால் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் என்ன எழுத வேண்டும் என்று உங்களுக்கு ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். பனி, தனிமை, ஊர்ச் சாப்பாட்டு ஏக்கம், கடைசியில் கண்ணோரம் கொஞ்சம் ஈரம். இந்தத் தடவை அதெல்லாம் கிடையாது. போன ஆவணியில் இங்கே 'ஜெனரேட்டர் போட மறந்த பெண்' என்று ஒரு குறிப்பு எழுதினேன். சிதம்பரத்தில் ஒரு ஆய்வுக்கூடம், தேர் அன்று கரண்ட் போச்சு, பொறுப்பில் இருந்த பெண் ஜெனரேட்டரைப் போடாமல் தேர் பார்க்கப் போய்விட்டாள், மூன்று நாள் உழைப்பு பாழ் என்று நக்கலாக எழுதியிருந்தேன். உங்களில் நிறையப் பேர் வாய்விட்டுச் சிரித்ததாகக் கடிதம் போட்டீர்கள். 'நம்ம ஆளுங்க திருந்தவே மாட்டாங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை என் மனைவி சுமதிக்கு நானே படித்துக் காட்டினேன்.

நீங்கள் சிரித்தது ஒரு பொய்யைப் படித்துவிட்டு. எழுதியபோது எனக்கு அது பொய் என்று தெரியாது. அடுத்த மாதமே தெரிந்துவிட்டது. ஆறு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

2

முதலில் என் பிழைப்பைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது.

நம் ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை உண்டு. உடம்புக்குள் சுற்றி வந்து, மற்ற செல்களைத் தடவிப் பார்த்து, இது நம்மவன், இது அந்நியன் என்று பிரிப்பது அதன் வேலை. தடவிப் பார்க்க அதன் மேல்தோலில் ஒரு கை இருக்கிறது. அதற்கு ஏற்பி என்று பெயர், நாங்கள் ரிசப்டர் என்போம். அந்தக் கையை மட்டும் தனியாகச் செய்து சின்னக் குழாயில் அடைத்து ஆராய்ச்சிக்காரர்களுக்கு விற்பது நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் தொழில். மருந்து இல்லை, யார் உடம்பிலும் ஏற்றுவதில்லை.

ஒவ்வொரு ரிசப்டரும் இரண்டு சங்கிலி. ஒன்று ஆல்பா, இன்னொன்று பீட்டா. இன்ன ஆல்பாவுக்கு இன்ன பீட்டா என்று ஜோடி உண்டு, ஜோடிக்கு ஒரு நம்பர் உண்டு. சங்கிலிக்கான மரபணுவைக் குடல் பாக்டீரியாவுக்குள் செலுத்தினால் அது புரதத்தைச் செய்து தரும், ஆனால் உருப்படாத கட்டியாகச் செய்து தரும். அந்தக் கட்டியைக் கழுவி, யூரியாவில் கரைக்க வேண்டும். குமராட்சிப் பக்கம் வயலுக்குப் போடுகிறார்களே, அதே யூரியாதான், கொஞ்சம் சுத்தமானது. பிறகு இரண்டு சங்கிலியையும் குளிர் அறையில் ஒரு பெரிய பாத்திரத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு மூன்று நாள் கலக்கினால், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சரியாக மடியும். அவசரப்பட்டால் மறுபடி கட்டியாகிவிடும். குளிர் போனாலும் அதே கதி.

இந்த வேலையைச் செய்யத்தான் சுமதியின் தம்பி பாஸ்கர் சிதம்பரம் பைபாஸ் ஓரம், ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில் கூடம் வைத்திருக்கிறான். என் சிபாரிசில் எங்கள் நிறுவனம் அவனுக்கு வேலை கொடுத்தது. மரபணுக் குழாய்களை, எடை முதலான விவரம் எழுதிய ஒரு ஷீட்டோடு நான் அனுப்புவேன், அவர்கள் புரதத்தைச் செய்து அனுப்புவார்கள். செய்தது கௌசல்யா. கடலூர் முதுநகரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிற பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். உயிர்வேதியியலில் முதுகலை படித்தவள்.

3

போன வைகாசியில் ஒரு நாள், இதே வெளிநாட்டவர் அலுவலகத்தில் மூன்று மணி நேரம் நின்றேன். என் விண்ணப்பத்தில் அப்பா பெயரும் குடும்பப் பெயரும் ஒன்றாக இருக்கிறதாம். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயர்தான் அங்கேயும் எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். வேற்று ஜந்துவைப் பார்ப்பது போல் அந்த ஆள் பார்த்துவிட்டு, இன்னொரு சான்றிதழ் கொண்டு வா என்றான். மூக்குக்கு மேல் கோபத்தோடு ஆய்வுக்கூடம் வந்து, அதே சூட்டில் குளிர்ப்பெட்டியைத் திறந்து, சிதம்பரத்துக்கு இரண்டு குழாய்களை எடுத்துக் கட்டினேன்.

மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் கௌசல்யா கூப்பிட்டாள். நான் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தேன்.

"சார், ஒரு டவுட்டு. பீட்டா ஜெல்லுல ஷீட்டுல இருக்கறத விட கொஞ்சம் வெயிட்டு ஜாஸ்தியா காட்டுது. ட்யூப்பு சரிதானா சார்?"

ஜெல் என்பது புரதத்தின் எடையைக் காட்டும் சோதனை. எனக்குப் பின்னால் ஒரு கிழவி தன் தள்ளுவண்டியால் என் காலை இடித்துக்கொண்டிருந்தாள். ஷீட்டில் இருப்பதைச் செய்யும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். அவ்வளவுதான் சொன்னேன் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

ஆடி கடைசியில் புரதம் வந்து சேர்ந்தது. அழகான புரதம். குழாயைத் தூக்கிப் பிடித்தால் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது, ஒரு துளி கட்டி இல்லை. ஆனால் எதைப் பிடிக்க வேண்டுமோ அதைப் பிடிக்கவில்லை. மூன்று தடவை சோதித்தேன். எதையுமே பிடிக்கவில்லை.

என் மேலாளர் கார்ல் விளக்கம் கேட்டான். நான் பாஸ்கருக்குக் காரமாக ஒரு மெயில் போட்டேன். பத்து நாளில் அவனிடமிருந்து பதிவேட்டின் நகல் வந்தது. 'ஆனித் திருமஞ்சனத் தேர் அன்று மின்சாரம் நிறுத்தப்பட்டது. பொறுப்பில் இருந்த கௌசல்யா ஜெனரேட்டரை இயக்க மறந்து தேர் பார்க்கப் போய்விட்டார். குளிர் அறை ஐந்து மணி நேரம் சூடானது.'

நான் கீழ வீதியில் பிறந்து வளர்ந்தவன். தேர் அன்று காலையிலேயே கம்பியை இறக்கி, நான்கு வீதியிலும் கரண்டை நிறுத்துவார்கள். தேர் நிலைக்கு வரும்வரை விசிறி ஓடாது. சின்ன வயதில் வீடு நிறைய விருந்தாளிகளோடு வேர்த்து வழிந்துகொண்டு கிடந்ததெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அதனால் படித்த மாத்திரத்தில் நம்பிவிட்டேன். கார்லுக்கும் தேர் என்றால் என்ன என்று விளக்கினேன். ஒரு கடவுள் ஊர்வலத்துக்காக மின்சாரத்தை நிறுத்துவார்களா என்று அவன் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை எழுதித்தான் உங்களுக்கு அனுப்பினேன்.

குளிர் போய்க் கெட்ட புரதம் கண்ணாடி போல இருக்காது, தயிர் போலத் திரியும். இந்தத் தொழிலில் முதல் மாதம் சேர்ந்தவனுக்கே அது தெரியும். எனக்கும் தெரியும். யோசிக்கவில்லை, யோசிக்க நான் விரும்பவில்லை.

5

புரட்டாசியில் கார்ல் என்னையே தணிக்கைக்கு அனுப்பினான். மச்சானை விசாரிக்க மாமனைப் போகச் சொல்கிறோமே என்று அந்த நிறுவனத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் இந்தியர்கள், அவ்வளவுதான்.

பாஸ்கர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீங்களே வருவீங்கன்னு நெனைக்கல மாமா. யாராச்சும் வெள்ளைக்காரனதான் அனுப்புவாங்கன்னு இருந்தேன்" என்றான்.

குளிர் அறைக் கதவோரம் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தது. உள்ளே எவ்வளவு குளிர் என்று தேதிவாரியாகத் தானே கோடு போட்டுக்கொண்டிருக்கும். தேர் நாள் தாளைத் தேடி எடுத்தேன். நாலு டிகிரியில் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு.

"அஞ்சு மணி நேரம் சூடாச்சுன்னு எழுதியிருக்க. இது என்னாடா?"

"அந்தப் பொட்டி ரிப்பேரு மாமா."

கீழே டீக்கடைக்காரரிடம் கேட்டேன். ஆனித் தேர் அன்று இங்கே கரண்ட் எத்தனை மணிக்குப் போச்சு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பைபாஸ்ல எதுக்குங்க நிறுத்தறாங்க? தேரு இங்கயா வருது?"

அப்போதும் பாஸ்கர் எதையோ பூசி மெழுகுகிறான் என்றுதான் நினைத்தேனே தவிர, எனக்காக என்று நினைக்கவில்லை. தவறு செய்த ஊழியரின் வாக்குமூலம் வேண்டும் என்று தணிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. கௌசல்யாவை ஆவணியிலேயே வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகச் சொன்னான் பாஸ்கர். முதுநகர் போகிறேன் என்றேன்.

"அது எதுக்கு மாமா அவ்ளோ தூரம்? நானே எழுதி கையெழுத்து போட்டுக் குடுக்கறேன்."

போயே தீருவது என்று முடிவு செய்தது அந்த வார்த்தையைக் கேட்டபிறகுதான்.

6

கௌசல்யாவின் அம்மா கருவாட்டுக் கூடையை நகர்த்திவிட்டு நாற்காலி போட்டார். கௌசல்யா உட்காரவில்லை. கதவுப்பக்கம் சாய்ந்து நின்றபடியே பேசினாள்.

"நீங்கதான் அந்தக் கட்டுரை எழுதுன சாரா?"

"ஆமா."

"எங்க சித்தப்பா வாட்ஸ்அப்புல அனுப்புனாரு. குரூப்பு குரூப்பா சுத்துது. பேரு போடலதான். ஆனா சிதம்பரத்துல இந்த வேலை செய்யற பொண்ணுங்க எத்தினி பேரு இருக்காங்க சார்? பாண்டிச்சேரில ஒரு லேப்புல எனக்கு வேலை முடிவாயிருந்துச்சி. அவுங்களும் படிச்சிருக்காங்க. பாஸ்கர் சாருக்குப் போன் பண்ணிக் கேட்டாங்களாம், இவரு மழுப்பியிருக்காரு. வேணாம்னுட்டாங்க."

"நீ ஜெனரேட்டர் போடாததுக்கு..."

"கரண்ட்டே போவல சார்."

போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். தன் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைத்திருந்தாள். ஒரு பக்கத்தில், பீட்டா எடை அதிகம், ஜெர்மனி சாரிடம் போனில் கேட்டேன், ஷீட்டில் உள்ளபடி செய்யச் சொன்னார் என்று தேதியோடு இருந்தது. அடுத்த பக்கத்தில், என் மெயில் வந்தபிறகு அவள் அந்தக் குழாயில் மிச்சமிருந்த மரபணுவைச் சென்னைக்கு அனுப்பி எழுத்தெழுத்தாகப் படித்துவரச் சொன்ன முடிவு.

"நாங்க பண்ண வேண்டியது பத்தொம்போதாம் நம்பரு. ஆல்பா பத்தொம்போதுதான். பீட்டா இருபத்தொண்ணாம் நம்பரோடது. போன வருசம் நாங்க இருபத்தொண்ணு பண்ணுனோம்ல, அந்த ஷீட்டோட வச்சிப் பாத்தேன். அப்பிடியே பொருந்துது. ஜோடி மாறிடுச்சி சார். அதான் நல்லா மடிஞ்சிருந்தும் ஒண்ணத்தையும் புடிக்கல."

முதலில் எனக்கு வெட்கம் வரவில்லை. அவள்மேல் கோபம்தான் வந்தது. "சந்தேகம் இருந்தா அன்னைக்கே இன்னொரு தரம் கேட்டிருக்கணும்" என்றேன்.

"கேட்டேன் சார். பதினஞ்சு வருசமா இதத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன், நீ எனக்குச் சொல்லிக் குடுக்காதன்னீங்க. போனு ஸ்பீக்கர்ல இருந்துச்சி. லேப்புல எல்லாரும் கேட்டாங்க."

அதற்குப் பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. சொல்லியிருக்கிறேன். அதே வார்த்தைதான். நான் கவனிக்கிறேன், சரி பண்ணிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"எப்போ சார்?" என்று கேட்டாள் கௌசல்யா.

ஜெர்மனி போனதும் என்றேன்.

7

"தெரியும் மாமா. சென்னைலேர்ந்து ரிசல்ட்டு வந்தன்னிக்கே தெரியும்" என்றான் பாஸ்கர். கூடத்தில் வேறு யாரும் இல்லை.

"தெரிஞ்சுமா உன் தலையில இழுத்துப் போட்டுக்கிட்ட?"

"பின்ன? உங்களுக்கு கார்டு வர்ற நேரம். அக்கா போன்லயே அழுவுது. ட்யூப்ப மாத்தி அனுப்புனது நீங்கன்னு தெரிஞ்சா வேலை போவும், வேலை போச்சுன்னா கார்டு போவும், நம்ம பாப்பா யாழினி படிப்பு என்னாவறது? எங்க தப்புன்னா ஒரு வார்னிங்கோட உட்ருவாங்க."

"உன் தலையிலயாடா போட்டுக்கிட்ட? அந்தப் பொண்ணு தலையில போட்டிருக்க."

"ஆளு பேரு எழுதணும்னு உங்க கம்பெனி ஃபாரத்துலயே கட்டம் இருக்கு மாமா. என்னா பண்றது? அது நல்லா படிச்ச பொண்ணு. வேற எங்கியாச்சும் கெடைச்சிடும்."

சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அவனோ எனக்கு நல்லது செய்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். நான் கேட்காமலேயே, அக்காவுக்காக, அக்கா பெண்ணுக்காக, தன் தொழில் பெயரைக் கெடுத்துக்கொள்ளத் துணிந்தான். நம் ஊரில் இதற்குப் பெயர் பாசம். பாசத்துக்கு வெளியே நிற்கிற ஒருத்தி அதற்கு விலையானது அவன் கணக்கிலேயே வரவில்லை.

சுமதி போனில் சொன்னது இன்னும் சுருக்கம். "விடுங்க. கார்டு வரட்டும். அந்தப் பொண்ணுக்கு அப்பறமா ஏதாவது செய்யலாம்."

பாஸ்கரையும் சுமதியையும் இங்கே ஏச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஜெர்மனி திரும்பியதும் அறிக்கை எழுதியது நான். தேர், மின்சாரம், ஜெனரேட்டர், எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். நேர்கோடு போட்ட தாளை அதோடு வைக்கவில்லை. இனி இப்படி நடக்காமலிருக்க எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் 'ஊழியர் நீக்கப்பட்டார்' என்று எழுதினேன். கார்லுக்குத் திருப்தி. பாஸ்கரின் ஒப்பந்தம் தொடர்ந்தது. எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்தது, ஒருத்தியைத் தவிர.

8

மார்கழியில் ஒரு நாள் நானும் சுமதியும் இது பற்றிச் சத்தம் போட்டுச் சண்டை போட்டோம். எங்கள் மகள் யாழினி பக்கத்து அறையில் இருந்தாள். பதின்மூன்று வயது. தமிழ் கேட்டால் புரியும், வாயில் வருவது ஜெர்மன்தான். நாங்கள் எதைச் சொன்னாலும் தோளைக் குலுக்குவாள். எப்போது பார்த்தாலும் எங்கள் வீட்டில் ஒரு மாணவி வாடகைக்கு இருப்பது போலத்தான் இருக்கும்.

சாப்பிடும்போது கேட்டாள். "அந்த அக்கா நம்ம சொந்தக்காரங்களா?"

இல்லை என்றேன்.

"அதனாலதானா?"

அவள் தமிழில் கேட்டாள். தட்டுத் தடுமாறித்தான் கேட்டாள், ஆனால் தமிழில். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்று சுமதி அதட்டினாள். அதற்குப்பின் யாழினி என்னோடு பேசுவது இன்னும் குறைந்துவிட்டது.

9

இன்று அட்டையை வாங்கிக்கொண்டு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கார்லுக்கு மெயில் எழுதினேன். குழாயை மாற்றி அனுப்பியது நான், அந்தப் பெண் என்னிடம் முன்கூட்டியே கேட்டாள், நான் அவள் வாயை அடைத்தேன், அறிக்கை பொய் என்று எழுதினேன். தேர் நாள் தாளையும் சேர்த்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி, அந்தக் கோப்பு மூடியாயிற்று, இனி குழாய்களில் பெயர் ஒட்டும்போது கவனம் தேவை. மொத்தம் நாலு வரி. என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு மாதத்துக்கு முன் சொல்லியிருந்தாலும் ஆகியிருக்காது போலிருக்கிறது.

பிறகு கௌசல்யாவைக் கூப்பிட்டேன். இப்போது கடலூர்ப் பக்கம் இறால் பண்ணைகளுக்குத் தண்ணீர் சோதித்துக் கொடுக்கிற ஒரு சின்ன லேபில் இருக்கிறாள். மெயில் அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன்.

"சரி சார். அத யாரு படிச்சாங்க?"

"என் மேலாளர்."

"ஒருத்தரு. உங்க கட்டுரைய எத்தினி பேரு படிச்சாங்க? எங்க தெருவே படிச்சிருக்கு. என்னப் பொண்ணு பாக்க வந்தவுங்க கூட, ஜெனரேட்டரு போடுவியாம்மான்னு கேட்டுட்டுச் சிரிச்சாங்க. மெயிலெல்லாம் உங்க கம்பெனிக்கு சார். எனக்கு இல்ல."

அதே பக்கத்தில் மறுப்பு எழுதுகிறேன் என்றேன்.

"எழுதுங்க. பேரப் போட்டு எழுதுங்க. பேரு போடாம எழுதுனதாலதான் எல்லாரும் யாருன்னு தேடுனாங்க. எழுதிட்டு எனக்குப் படிச்சிக் காட்டிட்டு அனுப்புங்க."

மாலைக்குள் எழுதி முடித்து, மறுபடி கூப்பிட்டு, மேலே இருப்பதையெல்லாம் படித்துக் காட்டினேன். முதுநகரிலிருந்து ரயிலில் திரும்பும்போது நான் எப்படிக் கலங்கிப்போனேன் என்று ஒரு பத்தி இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னாள்.

"நீங்க கலங்குனது எனக்கு எதுக்கு சார்? படிக்கறவங்க ஐயோ பாவம்னு உங்க பக்கம் வந்துருவாங்க."

எடுத்துவிட்டேன். பாண்டிச்சேரி ஆய்வுக்கூடத்துக்கு நானே எழுதட்டுமா என்று கேட்டேன். அந்த இடத்துக்குத் தை மாதமே வேறு ஆள் வந்துவிட்டது என்றாள். வேறு என்ன செய்யட்டும் என்றேன். பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"கடைசில என்னா எழுதப் போறீங்க?"

இன்னும் யோசிக்கவில்லை என்றேன்.

"நான் சொல்றேன், அப்பிடியே எழுதிக்கோங்க. ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

அவள் சொல்லச் சொல்ல எழுதியது இது.

'என் பேரு கௌசல்யா. முதுநகரு. ஆனித் தேர் அன்னிக்கு நான் லேப்புலதான் இருந்தேன், தேரு பாக்கப் போவல. பைபாஸ்ல கரண்ட்டு நிக்கல. ட்யூப்பு தப்புன்னு நான்தான் கண்டுபுடிச்சேன்.'